மூன்றாவது பாட்டு

பிற்பகல் மூன்றரைக்குக் கழுகு மைதானத்துக்கு வந்து சேர்ந்தார். கழுகு என்பது தொழிலில் அவருக்கு விழுந்த பெயர். இசை விழாக்களைப் படமெடுப்பவர்களில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இருபதாயிரம் பேர் கூட்டத்திலும் எந்த முகம் படமாகத் தேறும் என்று ஒரே பார்வையில் கொத்திக்கொண்டு வந்துவிடுவார். கொத்திய பிறகு அந்த முகத்துக்கு என்ன ஆயிற்று என்று அவர் விசாரித்தது கிடையாது.

கூடவே அவருடைய ஒரே மகள் சிட்டு வந்திருந்தாள். பள்ளி இறுதித் தேர்வு முடிந்த சந்தோஷத்தில் ஆறு மாதமாக நச்சரித்து வாங்கிய அனுமதி. வீட்டில் அவள் அம்மா கடைசிவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"போன வருஷம் இதே மைதானத்துலதானே அந்தப் பொண்ணு நசுங்கிச் செத்தா? எனக்கு மனசே ஒப்பலைங்க."

"சும்மா பயப்படாத. இவ எனக்கு நேர் எதிர்லதான் நிக்கப்போறா. என் கண்ணு முன்னாடியே இருப்பா."

வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மிதிபட்ட புல்லும் ஜெனரேட்டர் புகையும் சேர்ந்து ஒரு வாடை. மேடைக்கும் கூட்டத்தைத் தடுக்கும் இரும்புக் கம்பிக்கும் நடுவில் ஆறடி அகலத்தில் ஒரு சந்து இருக்கும். காவலாட்களும் படக்காரர்களும் மட்டும் அதில் நிற்கலாம். கழுகு மகளைக் கம்பியின் மறுபக்கம், நட்டநடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"இங்க நின்னாதான் பாடறவர் முகம் நேரா கிடைக்கும். போனைப் படுக்க வச்சுப் பிடி. ஜூம் பண்ணாத, கலங்கிடும். முழங்கை ரெண்டையும் விலாவோட ஒட்டிக்க, அப்பதான் ஆடாது."

"அப்பா, நான் பாட்டுக் கேக்க வந்தேனா, பரீட்சை எழுத வந்தேனா?"

"யார் தள்ளினாலும் இடத்தை மட்டும் விட்டுடாத. விட்டா வீடியோ போச்சு."

அவள் வணக்கம் போடுவதுபோல் நெற்றியில் கைவைத்துக் காட்டினாள். அவருக்குச் சிரிப்பு வந்தது.

கம்பியைத் தொட்டபோது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. போன வருடம் அந்தப் பெண் நின்றதும் இந்த இடம்தான். இருபது வயதிருக்கும், கருப்புச் சட்டை போட்டிருந்தாள். கைகள் இரண்டையும் அவரை நோக்கி நீட்டி, வாயைப் பிளந்து, கண்கள் மேலே செருகி நின்றாள். பாட்டில் சொக்கிப்போன முகம் என்று நினைத்துத்தான் முதல் இரண்டு படங்களை எடுத்தார். மூன்றாவது படத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவள் உதடு 'அண்ணா, தூக்குங்க' என்றது. அவளுக்கும் அவருக்கும் நடுவில் நாலடி.

ஆனால் வெளிச்சம் அப்படி வாய்த்திருந்தது. இன்னும் ஒன்பது எடுத்துவிட்டுத்தான் கேமராவை இறக்கினார். அதற்குள் அந்த இடத்தில் வேறு யாரோ நின்றார்கள்.

அந்தப் படம் 'கடைசிச் சிரிப்பு' என்ற தலைப்போடு ஊரெல்லாம் சுற்றியது. செத்த பெண்ணின் அம்மா அவருக்குக் கடிதம் எழுதினாள். "என் மக சந்தோஷமாத்தான் போனான்னு காட்டிட்டீங்க தம்பி, நீங்க நல்லா இருக்கணும்." அவர் அதைப் படித்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டார். அன்று இரவு நன்றாகவே தூங்கினார்.

படக்காரர்களுக்கு இந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முதல் மூன்று பாட்டு வரைதான் சந்தில் நிற்கலாம். மூன்றாவது பாட்டு முடிந்ததும் பிடரியில் கைவைக்காத குறையாக வெளியேற்றிவிடுவார்கள். ஆகவே பன்னிரண்டு நிமிடத்துக்குள் உயிரைக் கொடுத்து எடுக்க வேண்டும். கழுகு காதில் ரப்பர் அடைப்பானைத் திருகிக்கொண்டார். ஒலிபெருக்கிக்கு அடியில் நிற்பவர்கள் எல்லோரும் செய்வதுதான். உலகம் அமுங்கிப்போய், நெஞ்சில் அதிரும் முரசு மட்டும் மிஞ்சியது.

முதல் பாட்டு தொடங்கியது. மேடையைச் சில படங்கள் எடுத்துவிட்டு, மகளை ஒன்று எடுக்கலாமே என்று திரும்பினார்.

கேமராக் கண்ணாடிக்குள் சிட்டு இல்லை.

அந்தப் பெண் நின்றாள். அதே கருப்புச் சட்டை. கழுத்து ஓரத்தில் கம்பி பதிந்த நீலத் தழும்பு.

கேமராவை இறக்கினார். சிட்டு போனும் கையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்று தண்ணீர் குடித்தார்.

இரண்டாவது பாட்டு. கூட்டம் ஒருமுறை முன்னால் சாய்ந்து பின்வாங்கியது. அவர் மறுபடியும் கண்ணை வைத்தார். அவளேதான். இப்போது தலையைச் சாய்த்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடைத்த காதுக்குள், முரசையும் மீறி, பக்கத்தில் படுத்திருப்பவள் பேசுவதுபோல் ஒரு குரல்.

"அண்ணா, தூக்குங்க."

அடைப்பானைப் பிடுங்கினார். பாட்டு மட்டும்தான். கம்பிக்குப் பின்னால் சிட்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

அவருக்கு வியர்த்துக் கொட்டியது. ஆனால் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். பாடகர் மேடையிலிருந்து குதித்த நொடியை இந்தக் குழப்பத்தில் தவறவிட்டிருந்தார். இன்னும் ஒரே பாட்டுதான் பாக்கி. இனி ஏமாறுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு காதை அடைத்தார்.

மூன்றாவது பாட்டு ஆரம்பித்தபோது இருபதாயிரம் பேரும் ஒரே உடம்பாக எழும்பினார்கள்.

இடது கோடியில் யாரோ மயங்கி விழ, காவலாட்கள் அங்கே ஓடினார்கள். சந்தின் நடுவில் அவர் மட்டும் நின்றார். சாயங்கால வெயில் மேடைத் துணியின் கிழிசல் வழியாக வந்து, கம்பியில் சரியாக நடுவில் விழுந்தது.

கண்ணை வைத்தார்.

அவள்.

கை நீண்டிருந்தது. வாய் பிளந்திருந்தது.

போன வருடத்தைவிடப் பிரமாதமாக இருந்தது.

"செத்தவதானே நீ," என்று முணுமுணுத்தார். "உனக்கு என்ன வலிக்கப்போகுது?"

கேமராவை இறக்கினால் மகள் சிரித்துக்கொண்டிருப்பாள். இரண்டு தடவை பார்த்தாயிற்று. மூன்றாவது தடவை எதற்காக இந்த வெளிச்சத்தை இழக்க வேண்டும்? விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டார். படம் படமாகக் கேமரா விழுங்கியது. அவள் கண்கள் மேலே செருகின. உதடு அசைந்தது. அந்த அசைவு 'அண்ணா' மாதிரி இல்லை என்று ஒரு கணம் தோன்றியது. குவியம் தப்பாமல் பார்த்துக்கொள்வதில் அவர் கவனம் போய்விட்டது.

தோளில் ஒரு கை விழுந்தது. காவலாள். மூன்று பாட்டு முடிந்தது, வெளியே போகலாம்.

மேடைக்குப் பின்னால் படக்காரர்களுக்கென்று ஒரு கூடாரம். நாற்காலியில் சாய்ந்து, ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு, நிதானமாக மூன்றாவது பாட்டின் படங்களைக் கணினியில் திறந்தார்.

முதல் படத்தில் சிட்டு.

இரண்டாவதிலும் சிட்டு.

நாற்பத்தொரு படங்கள். எல்லாவற்றிலும் அவர் மகள்தான். ஒரு கையில் போனை அவர் பக்கமாகத் தூக்கிப் பிடித்திருந்தாள். இன்னொரு கை அவரை நோக்கி நீண்டிருந்தது. உதடு என்ன சொன்னது என்பது படத்துக்குப் படம் தெளிவாகத் தெரிந்தது. அவரைக் கூப்பிடும் அந்த மூன்றெழுத்துச் சொல்லை அவள் பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது முதன்முதலில் சொன்னாள்.

அவர் ஓடினார். தேநீர் கணினிமேல் கவிழ்ந்தது.

கம்பிக்கு அடியிலிருந்து அவளைத் தூக்கியெடுக்க நாலு ஆள் வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரி நடையில் விளக்கு போடும் நேரம். நீள பெஞ்சில் கழுகும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே வெறும் சுவர். டாக்டர் வந்து சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மைதானத்துக் காவலாள் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து ஒரு போனை நீட்டினார்.

"பாப்பாவோடதும்மா. கம்பி மேல இருந்துச்சு. அப்பவும் வீடியோ ஓடிட்டுதான் இருந்துச்சு, நான்தான் நிறுத்தினேன்."

மனைவி அதை வாங்கி ஓடவிட்டாள்.

திரையில் அவர் நின்றார். முகத்தை மறைத்துக் கேமரா. பாட்டின் இரைச்சலுக்கு நடுவில் மகளின் குரல்.

"அப்பா. அப்பா, மூச்சு முட்டுது. அப்பா, இங்க பாருங்கப்பா."

மனைவி அழவில்லை. திரையையே பார்த்தாள்.

"நாலடி தூரம்," என்றாள். "கேமராவைக் கீழே இறக்கலையே நீங்க."

"அது சிட்டுன்னு எனக்குத் தெரியல. வேற ஒருத்தின்னு நினைச்சேன்."

"வேற ஒருத்தின்னா?"

அவள் மெல்ல, பெஞ்சின் மறு ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

திரையில் சிட்டுவின் தலைமுடி கீழிருந்து ஒருமுறை தெரிந்து, அமிழ்ந்து, காணாமல் போனது. குரல் நின்றது.

போன் விழவில்லை.

அதே உயரத்தில், அசையாமல், அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. காவலாள் அவர் தோளைத் தொடுவது தெரிந்தது. அவர் நடந்து போவது தெரிந்தது. படம் அவரைத் தொடர்ந்து திரும்பியது.

"யாரு பிடிச்சிட்டிருக்கா?" என்று மனைவி குசுகுசுத்தாள். "அவதான் கீழே விழுந்துட்டாளே, யாருங்க இதைப் பிடிச்சிட்டிருக்கா?"

அவள் நிறுத்தப் பார்த்தாள். திரையில் விரல் பட்டும் நிற்கவில்லை. ஒரு கணம் இருட்டியது.

வெளிச்சம் வந்தபோது ஒரு நீள பெஞ்ச் தெரிந்தது. ஒரு ஓரத்தில் பெண், மறு ஓரத்தில் ஆண். பெண்ணின் மடியில் ஒரு போன். எதிர்ச் சுவரோரம் நின்று எடுத்த படம். நிமிர்ந்து பார்த்தால் அந்த இடத்தில் யாருமே இல்லை.

படம் கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்தை நெருங்கியது. மிதிபட்ட புல் வாடை அடித்தது.

"அண்ணா," என்றது போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், மிகவும் மரியாதையாக. "கொஞ்சம் சிரிங்க."