இது நீங்களா?

மேசையில் எட்டு போன்கள் இருந்தன. கணினித் திரையில் ஒன்பது.

விஜிதரன் மறுபடி எண்ணிப் பார்த்தான். தலவாக்கலைக்கு மேலே, வட்டகொடைப் பாதையில் இருந்த அந்தத் தேயிலைத் தொழிற்சாலையின் ஆபீசில் காலை எட்டு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தான். கொழும்புக் கம்பெனி அனுப்பிய ஆள். இனிமேல் தோட்டத்துக் கணினிக்குள் யார் நுழைந்தாலும், எந்தப் போனிலிருந்து நுழைந்தாலும், ஒவ்வொரு தடவையும் தான் யாரென்று நிரூபிக்க வேண்டும். அதற்கான ஏற்பாட்டைச் செய்வதுதான் அவன் வேலை. ஜீரோ ட்ரஸ்ட் என்று பேர். தொரையாக இருந்தாலும் நம்பாதே, நேற்று நம்பியவனையும் இன்றைக்கு நம்பாதே. இந்த வேலை அவனுக்கு நன்றாகப் பொருந்தியது. அட்டன் பஜாரில் அப்பாவின் கடையில் வளர்ந்தவன். வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கும் முன்னால் கையைப் பார்க்கப் பழகியவன்.

காலையில் தோட்டத்துப் போன் வைத்திருந்த எல்லோரையும் நிறுத்திவைத்துச் சொல்லியிருந்தான். "போன்ல 'இது நீங்களா?'ன்னு கேக்கும். நீங்களா இருந்தா மட்டும் 'ஆம், நான்தான்'ன்னு அமத்துங்க. திருடன் திரும்பத் திரும்பக் கேக்க வைப்பான். தொல்லை தாங்காம ஆம்னு அமத்துறவன்தான் அவன உள்ள விடுறவன்."

ஒவ்வொருவராகப் போனைச் சோதனைக்கு மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்கள். தங்களைத் திருடர்கள் என்கிறான் என்று அவர்களுக்குப் புரிந்திருந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் உட்கார்ந்திருந்தும் அவனுக்கு ஒரு கோப்பைத் தேநீர் வரவில்லை.

ஒன்பதாவது போன் ராக்காயி என்ற பெண் கங்காணியின் பேரில் இருந்தது. கடைசியாக இருந்த இடம், ஏழாம் நம்பர் மலை. பேட்டரி, இரண்டு சதவீதம்.

"போன ஒப்படைக்காத இந்த ஆளு யாரு?" என்று பெரிய கிளாக்கர் அழகையாவைக் கேட்டான்.

அழகையா ஆட்களின் வரவு பதியும் செக்ரோல் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மூணு வருசத்துக்கு முந்தி மண்ணு சரிஞ்சப்ப அந்த மலைல நின்ன புள்ள. கூட நின்னவங்கள தோண்டி எடுத்தாச்சு. அவ மட்டும் கிடைக்கல."

"பேர இன்னும் வெட்டலியா?"

"காலைல ஆறு மணிக்குப் பெரட்டுல ஆள நிறுத்திப் பேர் கூப்பிடுறப்ப அவளையும் கூப்பிடுறேன். மனோரஞ்சிதம், பிரியந்தி, ராக்காயி, சர்மிளா. பதில் வரலன்னா லீவுன்னு போட்டுட்டு அடுத்த பேருக்குப் போறேன்."

"செத்த ஆளையா கூப்பிடுறீங்க?"

"ஆளு கிடைக்கல தம்பி. மண்ணுக்குள்ள திக்கு ஏது? கூப்பிடுற சத்தத்த வெச்சுத்தான் அவ வழி புடிச்சு வரணும். அதையும் நிப்பாட்டினா எங்க போவா?" அழகையா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "எத வேணா வெட்டுங்க. அந்தப் பேர மட்டும் வெட்டாதீங்க."

அவர் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போனார். விஜிதரனுக்கு எரிச்சலாக இருந்தது. செத்தவள் பேரில் ஒரு கதவு மூன்று வருடமாகத் திறந்து கிடக்கிறது, அதைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாளைக் காலைப் பெரட்டுக்குக் கணினியிலிருந்து அச்சாகும் புதிய பட்டியல்தான் வரும். அவன் ராக்காயியின் பேரைத் தொட்டான். நீக்கு. நிச்சயமாகவா? நிச்சயமாக. வரிசை மேலே ஏறி, பிரியந்திக்கு அடுத்து சர்மிளா வந்து நின்றாள். ஐந்து மணி ரயிலைப் பிடித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டான்.

மூன்று மணிக்கு மூட்டம் இறங்கியது. முதலில் எதிர் மலை போனது, பிறகு தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைகள், பிறகு ஜன்னலுக்கு வெளியே நின்ற குழாய். கீழே உருளைகள் அரைத்துக்கொண்டிருந்த சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை, பச்சை இலை வாடும் வாசனைக்கு அடியிலிருந்து வேறொரு வாசனை, மழைக்குப் பிறகு வெட்டிய குழியிலிருந்து வருகிற ஈரமண் வாசனை, பலகைத் தரையின் இடுக்கு வழியாக மெல்ல ஏறிவந்து அவன் கால்சட்டைக்குள் குளிராகப் புகுந்தது.

அவனுடைய போன் அதிர்ந்தது.

"ராக்காயி உள்ளே வரப் பார்க்கிறார். இது நீங்களா?"

ஒரு கணம் திடுக்கிட்டான், பிறகு தன்னையே திட்டிக்கொண்டான். போன் இலக்கம் தராதவர்களுக்கெல்லாம் சோதனைக்காகத் தன் இலக்கத்தையே போட்டுவைத்திருந்தான். எல்லா இடத்திலும் அவன் எடுக்கிற குறுக்கு வழி அது. ஆனால் பேரைத்தான் நீக்கியாகிவிட்டதே. "இல்லை" என்று அமத்தினான்.

மறுபடி அதிர்ந்தது. இடம், ஏழாம் நம்பர் மலை. இல்லை.

மறுபடி. இடம், பெரட்டுக் களம். பெரட்டுக் களம் ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது. எட்டிப் பார்த்தான். வெள்ளையாக மூட்டம் மட்டும் நின்றது. யாரோ ஒருவர் ஈரமான சேலையைப் பிழிகிற சத்தம் கேட்டது. இல்லை.

அவனுக்குப் பயம் வந்துவிட்டது. யாரோ விளையாடுகிறார்கள், தேநீர் தராதவர்கள் இதையும் செய்வார்கள் என்று சொல்லிக்கொண்டான். "யாரு அது?" என்று கத்தினான். தன் குரல் அறைக்குள்ளேயே அடங்கிப்போனது அவனுக்குப் பிடிக்கவில்லை. வாசலுக்குப் போய்த் தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் தள்ளினான். கதவுக்கு வெளியே ஏதோ பாரமாகச் சாய்ந்திருந்தது. அசையவில்லை. கதவின் அடியில் செம்மண் தண்ணீர் கசிந்து, அவன் சப்பாத்தின் நுனியை நனைத்தது.

போன் அதிர்ந்தது. இடம், தொழிற்சாலை.

இல்லை. இல்லை. இல்லை.

போனை அணைத்தான். திரை கறுத்தது. அதிர்வு நிற்கவில்லை. அது கையில் இல்லை, காலுக்கு அடியில் இருந்தது. பலகைக்குக் கீழே. விட்டு விட்டு. பொறுமையாக. மேசையிலிருந்த எட்டு போன்களும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிச்சமாகின. எட்டிலும் ஒரே கேள்வி. எட்டும் அதிர்ந்து, மேசை விளிம்பை நோக்கி அவன் பக்கமாக நகர்ந்தன. அணைத்த போனும் விழித்துக்கொண்டது.

இது நீங்களா?

காதைப் பொத்தினான். பல்லுக்குள் கேட்டது.

இது நீங்களா?

நிறுத்தினால் போதும். சத்தம் நின்றால் போதும். வேறு எதுவும் வேண்டாம்.

அமத்தினான். "ஆம், நான்தான்."

நின்றது.

அப்படியொரு அமைதி. போனின் கேமரா திறந்து, அவன் முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. பச்சையானது.

"முகம் பொருந்தியது. வணக்கம், ராக்காயி."

இருட்டு.

கையை நீட்ட இடமில்லை. முழங்கால் நெஞ்சில் இடித்தது. வாயைத் திறந்தான், குளிர்ந்த மண் நாக்கில் விழுந்தது. விரல்களுக்கிடையே ஒரு போன் இருந்தது. அவனுடையது இல்லை. கண்ணாடி உடைந்த பழைய போன். பேட்டரி, இரண்டு சதவீதம். இடம், ஏழாம் நம்பர் மலை.

அதற்குள்ளிருந்து சத்தம் வந்தது. ஆபீஸ் பலகையில் சப்பாத்துக் காலடி. கதவு சுலபமாகத் திறந்தது.

"கிளாக்கரையா." விஜிதரனின் குரல் அது. அவனுடைய சொந்தக் குரல். காலையிலிருந்து அந்தக் குரல் ஒருதடவைகூட அழகையாவை ஐயா என்று கூப்பிட்டதில்லை. "வேல முடிஞ்சிருச்சுங்க. ரயிலுக்கு நேரமாச்சு, போயிட்டு வாறேன்."

குடையை மடக்குகிற சத்தம் கேட்டது. பிறகு அழகையா மெல்லச் சொன்னார்.

"போயிட்டு வா புள்ள."

அவன் கத்தினான். மண் விழுந்தது. கத்தக் கத்த விழுந்தது. அதற்குப் பிறகு கத்தவில்லை. காலை ஆறு மணி ஒன்றுதான் மிச்சம் என்று அவனுக்குத் தெரிந்தது. பெரட்டில் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் திக்குத் தெரியும். பதில் சொன்னால் தோண்டுவார்கள். ராக்காயி என்று கூப்பிடட்டும், பரவாயில்லை, எந்தப் பேராக இருந்தாலும் சரி. மூச்சை எண்ணிக் காத்திருந்தான். இரண்டு சதவீதம். இரண்டு சதவீதம்.

கடைசியில் பெரட்டுக்கு ஆள் கூப்பிடும் தப்புப் பறையின் சத்தம் போனுக்குள் கேட்டது. ஆட்கள் வந்து நின்றார்கள். இருமல். கொழுந்துக் கூடைகள் உரசிக்கொண்டன. அழகையா புதிய பட்டியலைப் படிக்கத் தொடங்கினார்.

"மனோரஞ்சிதம்."

"இருக்கேன்யா."

"பிரியந்தி."

"இருக்கேன்யா."

வாயிலிருந்த மண்ணை நாக்கால் தள்ளினான். இருந்த மூச்சையெல்லாம் நெஞ்சுக்குள் இழுத்துப் பிடித்தான்.

"சர்மிளா."

"இருக்கேன்யா."