பத்தாவது நகம்

பகல் ஒன்றே முக்காலுக்குக் கதவைப் பிறாண்டும் சத்தம் கேட்டது. நீளமாக மூன்று இழுப்பு, ஒரு நிறுத்தம், பிறகு அவசரமாக இரண்டு. தங்கபுஷ்பம் கண்ணைத் திறக்காமலே, "சும்மா கெட பிஸ்கட்" என்று முனகிவிட்டுத் தலையணையைப் புரட்டிப் போட்டாள். அதன் குளிர்ந்த பக்கம் கன்னத்தில் பட்ட பிறகுதான் உறைத்தது. பிஸ்கட் பூனைக்கு இப்போது நகம் கிடையாது. ஒன்பது நாளாகக் கிடையாது.

அறை கும்மிருட்டாக இருந்தது. வெளியே ஷார்ஜாவின் செப்டம்பர் வெயில் கண்ணைக் குத்திக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் வராது. நைட் டூட்டி பார்க்கிற நர்சுகள் எல்லோரும் செய்வதுதான். சப்பாத்தி சுற்றி வைக்கிற அலுமினியத் தாளை ஜன்னல் கண்ணாடி முழுக்க ஒட்டி, அதன்மேல் தடித்த திரையைத் தொங்கவிட்டு, பகலை வீட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். ரோலா கடைத்தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால், எந்தெந்த ஃபிளாட்டில் நர்ஸ் இருக்கிறாள் என்பதை மினுக்கத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

அவள் எழுந்து, இருட்டில் ஐந்து எட்டு வைத்து, கதவைத் திறந்தாள். ஹாலின் அந்தக் கோடியில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், பிஸ்கட் முன்கால்களை நெஞ்சுக்கடியில் மடக்கி வைத்துப் படுத்திருந்தது. அவளையே பார்த்தது. கதவுப் பக்கம் வந்த அடையாளமே இல்லை. கணவன் அனீஷ் துபாயில் கட்டிட சைட்டில் இருந்தான், ஆறு வயது மகள் அக்ஸா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். கனவு என்று முடிவு செய்து கதவைச் சாத்தினாள். ஆனால் பூனையின் பார்வையை முதலில் விட்டு விலகியது அவள் கண்தான், பூனையுடையது அல்ல.

தங்கபுஷ்பம் பதினொரு வருடமாக ஆப்பரேஷன் தியேட்டர் நர்ஸ். குளச்சலில் படித்து, இங்கே வந்து, கத்திரியும் கவ்வியும் எடுத்துக் கொடுத்தே கையில் ரேகை அழிந்தவள். அந்த வேலையில் ஒரு சடங்கு உண்டு. தையல் போட்டு மூடுவதற்கு முன்னால் பஞ்சு, ஊசி, கருவி எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, நர்ஸ் வாய் திறந்து "கவுண்ட் கரெக்ட்" என்று சொல்ல வேண்டும். அவள் சொல்லும்வரை எவ்வளவு பெரிய டாக்டரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒரு ஊசிக்காக நாற்பது நிமிடம் எல்லோரையும் தரையில் தவழவிட்டவள் என்று அவளுக்குப் பேரே உண்டு.

மூன்று மாதமாகத் தொடர்ந்து நைட் டூட்டி. பகலில் அவள் கதவைச் சாத்தினால் பிஸ்கட்டுக்குப் பொறுக்காது. மத்தியானம் ஒன்றரை ஆனால் பிறாண்டத் தொடங்கும். மூன்று இழுப்பு, நிறுத்தம், இரண்டு. உறக்கம் கலைந்தால் கலைந்ததுதான். ஒரு ராத்திரி தியேட்டரில் நின்றபடியே கண்ணயர்ந்து, தட்டைக் கீழே போட்டுவிட்டாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் மேலே எழுதி அனுப்பிவிடுவேன் என்று இன்சார்ஜ் சொல்லிவிட்டார்.

பூனை டாக்டர் ருக்கையாவிடம் போய் நகத்தை எடுத்துவிடச் சொன்னாள். கீழக்கரைக்காரப் பெண், மென்மையாகத்தான் பேசினாள்.

"சிஸ்டர், எடுக்குறதுன்னா நகம் மட்டும் தனியா வராது. உங்க விரல் நுனிக் கணுவோட வெட்டி எடுத்தா எப்படி, அப்படி. நான் செய்ய மாட்டேன். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ நுனிய வெட்டி விடுங்க. சிலிக்கான் உறை இருக்கு, ஒட்டி விட்டா ஒரு மாசம் நிக்கும். ஒரு கட்டைல கயிறு சுத்தி வச்சா அதுல பிறாண்டிக்கும். நீங்க தூங்குறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் அதோட விளையாடுங்க, போதும்."

ரோஸ் நிற உறைப் பாக்கெட்டை வாங்கித்தான் வந்தாள். அக்ஸா துள்ளிக் குதித்தாள், "மம்மி, நான் போட்டு விடுறேன்!" என்று. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டதில் பாக்கெட் பிரிக்கப்படாமலே மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. கயிறு சுற்ற அனீஷுக்கு நேரமில்லை. விளையாட அவளுக்குத் தெம்பில்லை. யாரோ ஒருத்தியின் வாட்ஸ்அப்பில் ஒரு பாயின் நம்பர் கிடைத்தது. ஊரில் மாட்டு ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்தவராம், வீட்டுக்கே வந்து முடித்துத் தருவாராம்.

சாப்பாட்டு மேசையில் ரெக்ஸின் விரித்து, காலை ஒன்பது மணிக்கு முடித்தார்கள். மயக்கத்தில் பூனைக்குக் கண் மூடாது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. திறந்த கண்ணோடு அது அவளையே பார்த்துக் கிடந்தது. அவள்தான் முன்பாதத்தைப் பிடித்து ஒவ்வொரு விரலாக அழுத்திக் கொடுத்தாள். அழுத்தினால் நகம் வெளியே நீளும், அந்த ஆள் வெட்டுவான். பாதத்துக்கு ஐந்து, இரண்டு பாதத்துக்குப் பத்து. முடிந்ததும் பழக்கதோஷத்தில் கிண்ணத்தை எண்ணினாள்.

ஒன்பது.

மறுபடி எண்ணினாள். ஒன்பதுதான்.

"பாய், ஒண்ணு குறையுது."

"மாஃபி முஷ்கில் சிஸ்டர். கலாஸ்." ஒரு பிரச்சினையும் இல்லை, முடிந்தது என்று அவன் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு உறக்கம் கண்ணைச் சொருகியது. தேட வேண்டும் என்று தெரியும். தேடவில்லை. "கவுண்ட் கரெக்ட்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பையைக் கட்டிக் குப்பைக் குழாயில் தள்ளிவிட்டு, டெட்டால் ஊற்றித் தரையைத் துடைத்துவிட்டுப் படுத்தாள். பதினொரு வருடத்தில் முதல் தடவை.

சாயங்காலம் அக்ஸா கட்டுப்போட்ட பாதங்களைப் பார்த்து அழுதாள். "நகம் வெட்டி விட்டிருக்கு, அவ்வளவுதான் மக்ளே" என்றாள் தங்கபுஷ்பம்.

"திரும்ப வளரும்தான மம்மி?"

"பின்னே? வளரும்."

பிஸ்கட் அன்றிலிருந்து சுடுமணலில் நடப்பதுபோல் நடந்தது. சோபாவில் ஏறுவதில்லை. மணல் தொட்டி பாதத்தைக் குத்தியது போலும், குளியலறை மிதியடியில் போய் மூத்திரம் பெய்தது. யாரையும் கடித்ததில்லை; இப்போது அக்ஸா தொட்டாலும் கடித்தது. பிறாண்டுவதற்கு நகமில்லாத பிராணி வேறென்ன செய்யும்? தான் செய்தது பாவம் என்று தங்கபுஷ்பத்துக்குத் தெரியும். தெரிந்துகொண்டே எட்டு நாள் நன்றாக உறங்கினாள். அதுதான் அவளை இன்னும் குத்தியது.

வியாழக்கிழமையும் ஒன்றே முக்காலுக்குச் சத்தம் வந்தது. இந்தத் தடவை அவள் விழித்துத்தான் கிடந்தாள். ஏசி இரைந்தது. டெட்டால் வாடையோடு இன்னொரு வாடையும் இருந்தது, புளித்த பால் மாதிரி. மூன்று இழுப்பு. நிறுத்தம். இரண்டு. எழுந்து விளக்கைப் போட்டு, கதவைத் திறந்து, வெளிப்பக்கம் குனிந்து பார்த்தாள். பழைய கீறல்கள்தான், தூசு படிந்து கிடந்தன. கதவைச் சாத்தத் திரும்பியபோது உள்பக்கம் கண்ணில் பட்டது.

கணுக்கால் உயரத்தில், பெயின்ட் உரிந்து, வெள்ளை மரம் தெரிய, ஐந்து கோடுகள். கீழே தரையில் பெயின்ட் தூள் அப்போதுதான் விழுந்ததுபோல் கிடந்தது. ஒவ்வொரு தடமும் ஒற்றைத் தடம். நான்கு நகம் சேர்ந்து இழுத்த தடம் அல்ல, ஒரே நகம் ஐந்து முறை இழுத்த தடம்.

ராத்திரி அனீஷிடம் காட்டினாள். அவன் கொட்டாவி விட்டான்.

"பழைய கோடா இருக்கும் புஷ்பம். ஒனக்கு ஒறக்கம் இல்லாமப் பிராந்து புடிச்சிட்டு. லீவு போட்டு ரெண்டு நாளு கெட."

அவளுக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. டூட்டிக்குப் போனாள். விடியற்காலை ஒரு குடல்வால் ஆப்பரேஷனில் டாக்டர், "சிஸ்டர், கவுண்ட்?" என்று கேட்டபோது முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள். மூன்று தடவை எண்ணிய பிறகுதான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறை. அனீஷ் வேலைக்குப் போய்விட்டான். அவள் குளித்துவிட்டு வரும்போது, அக்ஸா அவள் படுக்கையறையிலிருந்து காலிப் பால் டம்ளரோடு வெளியே வந்தாள்.

"அங்க என்ன செய்யே?"

"நத்திங் மம்மி."

"மம்மி ஒறங்கப் போறேன். டிவி சத்தம் கூட்டப்பிடாது கேட்டியா. கதவத் தட்டப்பிடாது."

ஃபோனை ஹாலிலேயே சார்ஜில் போட்டுவிட்டு, கதவைச் சாத்தி, விளக்கை அணைத்தாள். படுத்ததும் கிணற்றில் கல் விழுந்ததுபோல் உறக்கத்துக்குள் போனாள்.

விழித்தபோது மணி தெரியவில்லை. ஏசி நின்றிருந்தது. வெளியே கார்ட்டூன் சத்தம் மெல்லக் கேட்டது. பால் வாடை இப்போது முகத்துக்கு அருகில் இருந்தது, சூடாக, மூச்சு மாதிரி. பிறகு அந்தச் சத்தம். மூன்று இழுப்பு. ஆனால் கதவில் இல்லை. மரத்தில்தான், ஆனால் கட்டில் மரத்தில். அவள் முதுகுக்கு நேர் கீழே.

நிறுத்தம்.

இரண்டு.

"மம்மி?" கதவுக்கு வெளியே அக்ஸா, குரலைத் தாழ்த்தி. "மம்மி, முழிச்சிட்டீங்களா? பால் குடிச்சுச்சா?"

"யாரு மக்ளே?"

"பிஸ்கட்டோட நகம். ஃபிரிட்ஜுக்கு அடில ஒண்ணு கிடைச்சுது. எங்க மிஸ் பீன்ஸ் முளைக்க வச்சாங்கல்ல, காட்டன்ல, அந்த மாதிரி கிண்ணத்துல வச்சேன். டார்க்கா இருந்தா நல்லா வளரும்ல, அதான் உங்க கட்டிலுக்கு அடில. டெய்லி பால் ஊத்துறேன். ஃபினிஷ் பண்ணிருது மம்மி."

கட்டில் லேசாக அசைந்தது. கீழே எதுவோ புரண்டு படுத்தது. சின்னதாக இல்லை. அதன் முதுகு மெத்தையை ஒரு விரற்கடை தூக்கி, மறுபடி இறக்கியது.

சுவிட்சு கதவுப் பக்கம். ஐந்து எட்டு. காலைக் கீழே வைக்க வேண்டும். அவள் வைக்கவில்லை.

"மம்மி, வளரும்னு சொன்னீங்கல்ல? நிஜமாத்தான?"

இப்போது சொல்லிவிடலாம். இல்லை மக்ளே, மம்மி பொய் சொன்னேன், அது நகமில்லை, அதன் விரல், நான்தான் பிடித்துக் கொடுத்தேன், இனி ஒருநாளும் வளராது. வாய்வரை வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்து நிற்பது தெரிந்தது.

"வளரும் மக்ளே" என்றாள் தங்கபுஷ்பம். "நீ போயி டிவி பாரு."

அக்ஸாவின் காலடிகள் துள்ளிக்கொண்டு போயின. கார்ட்டூனில் யாரோ சிரித்தார்கள். கட்டிலுக்கு அடியில் கிண்ணம் கவிழ்ந்து, உருண்டு, நின்றது.

பிறகு மெத்தையின் இடது ஓரம் தாழ்ந்தது.

பிறகு வலது ஓரம்.

அவள் கைகள் இரண்டும் போர்வைக்கு வெளியே கிடந்தன. இழுத்துக்கொள்ள நினைத்தாள். வரவில்லை. இடக்கையை ஏதோ எடுத்தது. முரட்டுத்தனமே இல்லை. பக்குவம் தெரிந்த பிடி. அவளுடைய பிடி. சுண்டுவிரலின் நுனிக் கணுவில் வைத்து, மெல்ல, ஒரு அழுத்து.

ஒன்று.

அடுத்த விரல். இரண்டு. மூன்று. நான்கு. கட்டைவிரல்.

கண் திறந்தேதான் இருந்தது. மூட முடியவில்லை.

வலக்கை. ஆறு. ஏழு.

கதவின் வெளிப்பக்கம் பிஸ்கட்டின் பாதம் விழுந்தது. பஞ்சுபோல். சத்தமே இல்லாமல் தட்டிக்கொண்டிருந்தது.

எட்டு.

ஒன்பது.

பத்தாவது விரலை அது அழுத்தவில்லை. பிடித்துக்கொண்டு, இருட்டில், அவள் வாய் திறந்து கவுண்ட் சொல்வதற்காகக் காத்திருந்தது.