எழுபத்திரண்டு சதவீதம்

மூன்று மாதமாகப் பூஜ்யத்திலேயே கிடந்த சிக்னல் அளவு, சாயங்காலம் நாலேகாலுக்குப் பன்னிரண்டு என்று காட்டியது.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். டிவியில் படம் கிடையாது. நீலத் திரை, நடுவில் சிக்னலைக் காட்டும் ஒரு பட்டை, அவ்வளவுதான். கணவன் கடைசியாகத் திறந்து வைத்த பக்கம் என்பதால் அதை அணைக்க அவளுக்கு மனசு வரவில்லை. டிஷ் மாட்டுவதுதான் அவன் பிழைப்பு. பதிமூன்று வருஷமாகக் கண்ட வீட்டுக் கூரையெல்லாம் ஏறி இறங்கியவன், சொந்த வீட்டு மொட்டை மாடியிலிருந்து விழுந்து செத்தான். மேலே போகப் படி கிடையாது, ஏணிதான். அந்த ஏணியையும் கம்பெனிக்காரர்கள் மூன்றாம் நாளே வந்து எடுத்துப் போய்விட்டார்கள்.

பதினெட்டு.

காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே கொடியில் காய்ந்த போர்வை ஆடவே இல்லை. தலைக்கு நேர் மேலே, துருப்பிடித்த போல்ட்டை யாரோ ஸ்பேனரால் நிதானமாகத் திருகுகிற சத்தம், கிர்ரென்று கொஞ்சம், நிறுத்தம், மறுபடி கொஞ்சம். கூடவே வெயிலில் காய்ந்த ஒயரும் வியர்வையும் கலந்த அந்த வாசனை. அவன் வேலை முடித்து வந்து சட்டையைக் கழற்றும்போது வரும் வாசனை.

அவளுக்கு அழுகைதான் முதலில் வந்தது. பயம் அப்புறம்தான்.

அன்றைக்கு அவனுக்கு ஐந்து மணிக்கு இன்னொரு வீட்டு வேலை. பத்தே நிமிஷத்தில் நம்ம டிஷ்ஷைச் சரி பண்ணிவிட்டுக் கிளம்புகிறேன் என்று ஏறினான். வீட்டுக்காரர் வாயால் சிக்னல் வந்துவிட்டது என்று கேட்காமல் எந்த வீட்டிலும் இறங்க மாட்டான். சொந்த வீட்டிலும் அதே கெடுபிடி, கூடவே கிண்டல். "மேடம், வந்துச்சா?" என்று மேலேயிருந்து கத்தினான். அப்போதே வந்திருந்தது. எழுபத்திரண்டு. பட்டைக்குப் பின்னால் செய்தி வாசிப்பவளின் கம்மல் கல்கூடத் தெரிந்தது. இவள்தான், இன்னும் கொஞ்ச நேரம் வீட்டில் இருக்கட்டுமே என்ற ஆசையில், "இன்னும் வரல சார்" என்றாள். மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை அவன் விளிம்பைத் தாண்டிச் சாய்ந்திருக்க வேண்டும். பிடித்திருந்த டிஷ்ஷும் அவனோடு திரும்பி, பட்டை பூஜ்யத்துக்கு இறங்கியது.

கால் வழுக்கிவிட்டது என்றுதான் மாமியாரிடம் சொன்னாள். என் பிள்ளை அவ்வளவு அஜாக்கிரதையா என்று அந்த அம்மா இன்றைக்கும் கேட்டு அழுகிறாள். பாவி, இவளும் கூடச் சேர்ந்து அழுகிறாள்.

நாற்பது. ஐம்பத்தொன்பது.

திரையில் கட்டம் கட்டமாக ஒரு முகம். பிறகு கம்மல்.

எழுபத்திரண்டு.

சத்தம் நின்றது.

"மேடம், வந்துச்சா?"

அதே குரல். அதே கிண்டல். கொஞ்சம் களைத்திருந்தது.

இல்லை என்று சொன்னால் மேலேயே இருப்பான். தினமும் இந்தச் சத்தமாவது கேட்கும். அந்த ஆசையும் வரத்தான் செய்தது. ஆனால் மூன்று மாதமாக வெயிலில் நிற்கிறானே.

"வந்துடுச்சுங்க," என்றாள். "போதும். இறங்கி வந்துடுங்க."

ஏணிப்படி ஒன்று கிறீச்சிட்டது. இல்லாத ஏணி. இரண்டு. மூன்று. ஜன்னலைத் தாண்டி ஒரு செருப்பு இறங்கியது. இன்னொரு கால் வெறுங்கால்.

கதவு திறக்கும் சத்தம் கேட்கவில்லை. வாசனை மட்டும் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. மூச்சு இல்லை.

டிவி அணைந்தது.

"எப்போ வந்துச்சு?"

அவள் திரும்பவில்லை. கறுத்த திரையில் அவள் தெரிந்தாள், மடியில் பாதி மடித்த அவன் சட்டையோடு. அவளுக்குப் பின்னால் அவன். கையில் ஸ்பேனர். தலை இடது தோளில் முழுதாகச் சாய்ந்து கிடந்தது. அந்தச் சாய்ந்த முகம் அவள் வாயையே பார்த்துக்கொண்டு, பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தது.