ஸ்ரீரங்கம் முழுக்கக் கசந்த காகிதம்

1958, பிப்ரவரி. காலை மணி பத்து. திருச்சிக் கல்லூரி ஒன்றின் மாடி அறையில் காவிரிக்கரைப் படம் விரிந்து கிடந்தது. அதில் ஸ்ரீரங்கம் மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது.

"வீட்ல உக்காந்து போட்ட கணக்கும்மா இது," என்றார் மெட்ராஸிலிருந்து வந்த பேராசிரியர். சாயங்கால ரயிலுக்குள் விளக்கம் வராவிட்டால் டாக்டர் ரோசரியின் ஆராய்ச்சி உதவித்தொகை நின்றுபோகும் என்று சொல்லிவிட்டு, மலைக்கோட்டைப் பக்கம் கிளம்பிவிட்டார்.

ரோசரிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. டாக்டர் பட்டம் வாங்கிய கையோடு ஊர் ஊராக அலைந்தவள் அவள். ஒரு மருந்தில் நனைத்த காகிதத் துண்டை நாக்கில் வைத்தால் சிலருக்குக் கசக்கும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. எல்லாம் பரம்பரை வாகு. கசக்கிறவர்கள் ஊருக்கு ஊர் எத்தனை பேர் என்று பார்த்துப் படத்தில் பென்சிலால் கறுப்பு தீட்டுவதுதான் ஆராய்ச்சி. எந்த ஊரிலும் நாலில் ஒருவராவது ஒன்றும் தெரியவில்லை என்று உதட்டைப் பிதுக்குவார். ஸ்ரீரங்கத்தில் அப்படி ஒருவர் மருந்துக்கும் இல்லை. இரண்டு ஆறுகள் சுற்றி வளைத்ததில் தீவின் இரத்தமே தனியாகிவிட்டதோ என்று அந்த வாரமெல்லாம் அவள் பூரித்த பூரிப்பைப் பார்க்கவேண்டுமே!

உதவியாளர்கள் இருவர். காகிதக் கட்டு முதல் நாள் இரவு ஸ்ரீரங்கத்தில் நல்லுசாமி வீட்டில் இருந்தது; அவன் மலேரியாவில் படுத்து அப்போதுதான் எழுந்திருந்தான். மறு இரவு நிஜாமுதீன் வீட்டில் இருந்தது. அதற்கப்புறம்தான் வீடு வீடாகக் கொடுத்தார்கள். புறப்படுமுன் நாக்கில் வைத்துச் சோதிப்பது எப்போதும் நல்லுசாமிதான். ரோசரிக்கும் நிஜாமுதீனுக்கும் அது கசக்காது, வெறும் காகிதம். அவர்கள் சோதித்து என்ன பயன்?

இருவரையும் துருவிப் பார்த்தாள். காகிதம் நன்றாகக் கசந்ததே என்றான் நல்லுசாமி. தனக்கு என்ன தெரியும் என்றான் நிஜாமுதீன்.

மிச்சமிருந்த ஸ்ரீரங்கத்துக் காகிதத்தில் ஒன்றை, வழக்கமில்லாத வழக்கமாக, ரோசரி தன் நாக்கிலேயே வைத்தாள். முகம் கோணிப்போயிற்று. ஓடிப்போய்த் துப்பிவிட்டு நிஜாமுதீனிடம் இன்னொன்றை நீட்டினாள்.

"என்னங்க டாக்டரம்மா, எனக்கே கசக்குது," என்றான் அவன்.

மாலை நாலு மணி. பேராசிரியர் திரும்பி வந்தார்.

"இது நம்ம மருந்தே இல்லீங்க சார். மலேரியாவுக்குக் கொடுக்குற கொய்னா. அது எல்லா நாக்குக்கும் கசக்கும்," என்றாள் ரோசரி. "நிஜாமுதீன் மாத்தியிருக்க முடியாது. நம்ம காகிதத்துல அவருக்கு ருசியே கிடையாது, கொய்னா கசக்கும். ரெண்டும் ஒண்ணுன்னு அவருக்குத் தோணவே தோணாது. ரெண்டும் கசக்குற நாக்குக்குத்தான் அப்படித் தோணும். என்ன நல்லுசாமி, சரிதானுங்களே?"

நல்லுசாமி தலை குனிந்தான். காவிரியில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் குளிக்கும்போது காகிதக் கட்டு இருந்த பை ஆற்றோடு போனதையும், வேலை போய்விடுமே என்று பயந்து, காய்ச்சலுக்கு வாங்கிய மாத்திரைகளில் மிஞ்சியதைக் கரைத்து வெறும் காகிதத்தை நனைத்ததையும் சொன்னான்.

"கசப்புன்னா கசப்புதானேன்னு நெனச்சிட்டேங்க."

பேராசிரியர் தன் சந்தேகத்துக்கு வருத்தம் தெரிவித்தார். உதவித்தொகை பிழைத்தது. ரோசரி ரப்பரை எடுத்து ஸ்ரீரங்கத்தை அழித்தாள். அவள் கண்ட ஒரே அதிசயம் அதுதான்.

"நாளைக்கு முதல் வீட்டிலேருந்து ஆரம்பிப்போம்," என்றாள். "இனிமே காகிதத்தை நானும் நாக்குல வச்சுப் பாப்பேன். எனக்குக் கசந்துதுன்னா, யாரும் ஸ்ரீரங்கத்துக்குப் பாலம் தாண்ட வேண்டாம்."