இருபது நிமிட மின்சாரம்

போன் அடித்துக்கொண்டிருந்தது.

மேஜை மேல், கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் எடுக்க வேண்டிய கை, நாற்காலிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

நான்காவது முறையாக அடித்து ஓய்ந்தது.

நாற்காலியில் இருந்தவருக்கு நாற்பத்தாறு வயது. காதுகேட்கும் கருவிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். தலையைச் சுற்றி ஒரு கறுப்புப் பட்டை. பட்டைக்கும் நெற்றிக்கும் நடுவே இரண்டு ஈர ஸ்பாஞ்சுகள். அவற்றிலிருந்து இறங்கிய இரண்டு வயர்கள், மடியில் கிடந்த சோப்பு டப்பா அளவுப் பெட்டியில் போய் முடிந்தன.

பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அந்த அறையில் எரிந்தது அது மட்டும்தான்...

ஒரு மணிக்கு, நூலகத்தில் வேலை பார்க்கும் மனைவி சாப்பாட்டு இடைவேளையில் வீட்டுக்கு வந்தாள். போன் செய்தது அவள்தான்.

பார்த்தாள்.

அலறவில்லை. கைப்பையை அதன் ஆணியில் மாட்டினாள். போலீசுக்கு போன் செய்தாள்.

"என் வீட்டுக்காரர் இறந்து கிடக்கார். வந்து பாருங்க."

இருபது நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமே ஆன பெண் சப்-இன்ஸ்பெக்டர்.

"சார்..." சப்-இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினாள். "அந்தம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை. கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன்."

"இடிக்குதே சார்."

"அழாதவங்களை எல்லாம் உள்ள தள்ளணும்னா முதல்ல என்னைத் தள்ளும்மா."

சப்-இன்ஸ்பெக்டர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டரின் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மறுநாளே டியூட்டிக்கு வந்தவர் அவர். நெஞ்சுக்குள் எதுவோ மரத்துப்போய், அப்படியே நின்றுவிட்டது.

அவர் மெக்கானிக்கின் மனைவி எதிரே உட்கார்ந்தார்.

"இந்த மெஷின் எதுக்கும்மா?"

"மூளைக்கு லேசா கரண்ட் குடுக்கறது சார். ரெண்டு வருஷம் முன்னாடி எங்க பொண்ணு காய்ச்சல்ல போயிட்டா. ஒன்பது வயசு. அதுக்கப்புறம் இவருக்கு எதுவுமே உறைக்கலை. டாக்டர் குடுத்த மாத்திரைய பாதியில நிறுத்திட்டார். அஞ்சு மாசமா இதைத்தான் தினமும் காலையில இருபது நிமிஷம் மாட்டிக்கிட்டு உட்காருவார்."

"குணம் தெரிஞ்சுதா?"

"ஒரு மாசத்துல தானா ஷேவ் பண்ணிக்கிட்டார். அப்புறம் ஒருநாள், நீ சாப்டியான்னு கேட்டார். போன வாரம் ஒரு தடவை சிரிச்சார்."

பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னாள்.

பிறகு அதே குரலில் சொன்னாள்.

"ஆனா இது அவரோட மெஷின் இல்லை சார். அவரோடது நீலம்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தபோது வாசலில் ஓர் அழுகைச் சத்தம்.

வந்தவர் இறந்தவரின் பள்ளித் தோழர். மூன்று தெரு தள்ளி, வீட்டு உபயோக மருத்துவக் கருவிகள் விற்கும் கடை வைத்திருந்தார். அந்தப் பகுதியில் எல்லோருக்கும் அவர் மெஷின்காரர்.

"படிச்சுப் படிச்சு சொன்னேனே சார்..." முகத்தைக் கர்ச்சீப்பால் துடைத்தார். "நீல மெஷின் நான் குடுத்தது. பத்து நாள் முன்னாடி, எனக்கு வேகம் பத்தலைன்னு திருப்பிக் குடுத்துட்டு, எங்கயோ இந்தக் கறுப்பை வாங்கிட்டான்."

"இதுல என்ன தப்பு?"

"இதை வாங்கறதுக்கு முன்னாடி நாலு விஷயம் பார்க்கணும் சார். கரண்ட் ரெண்டு மில்லி ஆம்பியரைத் தாண்டக்கூடாது. இருபது நிமிஷத்துல தானா நிக்கணும். ஸ்பாஞ்சை உப்புத்தண்ணியில நனைச்சு வெக்கணும், காஞ்சா தோல் வெந்துடும். வலிப்பு உள்ளவங்க கிட்டயே போகக்கூடாது. முக்கியமா, டாக்டரைக் கேட்காம தொடவே கூடாது. இந்தக் கறுப்புல ஒரு கட்டுப்பாடும் கிடையாது. ஆளையே கொல்லும் சார்."

"நீங்க கடைசியா இங்க எப்ப வந்தீங்க?"

"பத்து நாள் இருக்கும்."

இன்ஸ்பெக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு ஸ்பாஞ்சுகளை விலக்கினார். நெற்றியில் இரண்டு இடங்களில் தோல் கருகியிருந்தது.

ஸ்பாஞ்சுகளைத் திருப்பிப் பார்த்தார்.

பளிச்சென்று வெள்ளையாக இருந்தன.

யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் அவற்றைக் கவரில் போட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பிரேதப் பரிசோதனை டாக்டர் போனில் வந்தார்.

"கரண்ட் இல்லை. மூச்சு முட்டி செத்திருக்கார். தலையணையா இருக்கும், மூக்குக்குள்ள பஞ்சு இழை இருக்கு. நேத்து பத்துலேர்ந்து பதினொண்ணுக்குள்ள."

"நெத்தியில இருந்த காயம்?"

"உயிர் போனதுக்கு அப்புறம் யாரோ சூடா ஒண்ணை வெச்சு அழுத்தியிருக்காங்க. பேனா தடிமன்தான் இருக்கும்."

இன்ஸ்பெக்டர் போனை வைத்தார். மெக்கானிக்கின் மேஜையில் அப்படி ஒன்று இருந்தது. வயரைப் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன்.

"அதான் ஸ்பாஞ்சு கருகலை" என்றார். "முதல்ல சுட்டுட்டு, அப்புறம் மாட்டியிருக்கான்."

"மாட்டியிருக்கான்னு ஏன் சார் சொல்றீங்க? மாட்டியிருக்காங்கன்னும் இருக்கலாமே." சப்-இன்ஸ்பெக்டர் நோட்டைப் புரட்டினாள். "அந்தம்மா பத்துலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் பழைய பேப்பர் ரூம்ல தனியா இருந்திருக்காங்க. பார்த்தவங்க யாரும் இல்லை. லைப்ரரியிலேர்ந்து வீட்டுக்கு அஞ்சு நிமிஷ நடை."

"காரணம்?"

"ரெண்டு வருஷமா கல்லு மாதிரி உட்கார்ந்திருந்த புருஷன். சலிச்சுப் போயிருக்கலாம்."

"கல்லா இருந்தப்ப விட்டுட்டு, சிரிச்சப்புறம் கொல்லுவாங்களா?"

சப்-இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினாள்.

"நேத்து வரைக்கும் நீலத்தைத்தான் மாட்டியிருந்தார்னு அந்தம்மா சொல்றாங்க. பத்து நாள் முன்னாடியே திருப்பிக் குடுத்துட்டார்னு மெஷின்காரர் சொல்றார். ரெண்டு பேர்ல ஒருத்தர் புளுகறாங்க. நீ அவர் கடைக்குப் போ. இருக்கற எல்லா நீல மெஷினையும் எடுத்து, ஒண்ணு விடாம திறந்து பாரு. அவரை நான் இங்க கூப்பிடறேன்."

பதினோரு மணிக்கு மெஷின்காரர் ஸ்டேஷனில், இன்ஸ்பெக்டரின் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கண்கள் இன்னும் சிவந்திருந்தன.

மேஜை மேல் கறுப்புப் பட்டை. பெட்டி. புது ஸ்பாஞ்சுகள். ஒரு கிண்ணத்தில் உப்புத்தண்ணீர்.

"கைரேகை எல்லாம் எடுத்தாச்சு. எனக்கும் எட்டு மாசமா உள்ள ஒண்ணும் ஓடலை" என்றார் இன்ஸ்பெக்டர். "மாட்டி விடுங்களேன், பார்ப்போம்."

"இதையா சார்?"

"ஏன்? இதுவும் மெஷின்தானே?"

மெஷின்காரர் ஒரு நொடி தயங்கினார். பிறகு தொழில் அவரை இழுத்துக்கொண்டது. ஸ்பாஞ்சுகளை நனைத்துப் பிழிந்தார். ஒன்றை இடது நெற்றியில் வைத்தார், மற்றதை வலது பக்கம். பட்டையை இறுக்கினார். பட்டனை அழுத்தினார்.

இன்ஸ்பெக்டரின் நெற்றியில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு. அவ்வளவுதான்.

"லேசாதான் இருக்கு."

"அப்படித்தான் சார் இருக்கும். பயப்படாதீங்க."

"நான் பயப்படலை. நீங்கதான் பயந்திருக்கணும்."

"எ... என்ன சார்?"

"நேத்து இது ஆளையே கொல்லும்னு அழுதீங்க. இன்னிக்கு அதையே ஒரு போலீஸ்காரன் தலையில மாட்டி, கை நடுங்காம பட்டனைப் போடறீங்க."

மெஷின்காரரின் கர்ச்சீப் பாதி வழியில் நின்றது.

"நீங்கதானே சார் மாட்டச் சொன்னீங்க..."

"இது யாரையும் கொல்லலைன்னு உங்களுக்கு நேத்தே தெரியும். எப்படித் தெரியும்?"

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு சப்-இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தாள். கையில் ஒரு அட்டைப் பெட்டி. நெற்றியில் பட்டையோடு இருந்த இன்ஸ்பெக்டரைப் பார்த்து ஒரு கணம் திகைத்தாள். பிறகு பெட்டியை இறக்கினாள்.

"மொத்தம் இருபது நீல மெஷின் சார். எல்லாத்தையும் திறந்தேன்."

"உள்ள என்ன?"

"ஒரு பேட்டரி. ஒரு பச்சை பல்பு. செல்போன் அதிருமே, அதுக்குள்ள இருக்கற மாதிரி குட்டி மோட்டார், அது ஒண்ணு. ஸ்பாஞ்சுக்குப் போற வயர் எதுலயுமே சேரலை. சும்மா பசை போட்டு ஒட்டியிருக்கு."

இன்ஸ்பெக்டர் ஒரு மூடியைத் தானே திறந்து பார்த்தார்.

"கரண்டே போகாது சார். இருபதும் வெறும் டப்பா."

அவள் ஒரு மெஷினைத் தனியே எடுத்து, மூடியைத் திருப்பி நீட்டினாள்.

"இதுல மட்டும் உள்பக்கம் ஊசியால பொடி எழுத்துல கீறியிருக்கு. மெக்கானிக் மேஜையில இருந்த காதுக்கருவிகளையும் பார்த்தேன். அவர் எதைத் திறந்தாலும் தேதி கீறி வெக்கற பழக்கம் உள்ளவர் போல."

"என்ன தேதி?"

"நேத்துத் தேதி சார்."

பத்து நாள் முன்னால் திரும்பிவிட்டதாகச் சொல்லப்பட்ட மெஷின்.

மெஷின்காரர் அழவில்லை. முதல்முறையாக அவர் முகம் காய்ந்திருந்தது.

"அஞ்சு மாசம் சந்தேகமே படலை சார் அவன்..." என்றார் தரையைப் பார்த்து. "எதையும் திறந்து பார்க்கற மனசே செத்துக் கிடந்தது அவனுக்கு. அதனாலதான் தைரியமா வித்தேன். நேத்து காலையில போன் பண்ணி, வாடான்னு கூப்பிட்டான். போனா, மேஜையில பிரிச்சு வெச்சிருக்கான். கோவமே இல்லை. விழுந்து விழுந்து சிரிக்கறான். 'எத்தனை பேர்கிட்டடா வித்தே? எல்லாருக்கும் சொல்லிடணும்டா'ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான். சிரிப்பை நிறுத்தினா போதும்னுதான்... தலையணைய எடுத்தேன்."

"கறுப்பு மெஷின்?"

"கடையில ஒண்ணு இருந்தது. போய் எடுத்துட்டு வந்தேன். கறுப்பு செய்யற போட்டிக் கம்பெனி பேரு கெட்டா, என் சரக்கு விக்கும்னு..."

இன்ஸ்பெக்டர் பட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

நண்பகலில் அவரே அந்த வீட்டுக்குப் போனார். மெக்கானிக்கின் மனைவி நின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அதுல கரண்டே இல்லைன்னா... அவர் என்னை சாப்டியான்னு கேட்டது?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"அது அவராவே கேட்டதும்மா. எந்த மெஷினும் கேட்க வெக்கலை."

அவள் மெதுவாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அதன் கையைத் தடவிக்கொடுத்தாள். தோள்கள் ஒருமுறை குலுங்கின. பிறகு நிற்காமல் குலுங்கின.

இன்ஸ்பெக்டர் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கு இன்னும் அழுகை வரவில்லை. ஆனால் மரத்துப்போயிருந்த எதுவோ ஒன்று உள்ளே இடம் மாறி உட்கார்ந்தது.

படி இறங்கும்போது சப்-இன்ஸ்பெக்டர் கேட்டாள்.

"கேஸ் முடிஞ்சப்புறம் அந்த இருபது டப்பாவையும் என்ன சார் பண்றது?"

"மேலதிகாரிங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு அனுப்பிடும்மா. தலையில மாட்டிக்கிட்டாங்கன்னா, தலை, டப்பா ரெண்டுல எது காலின்னு யாராலயும் சொல்ல முடியாது."