சிஞ்ஞோராவின் நேர்த்தி

சிஞ்ஞோராவின் சப்பாத்துகள் நனைந்திருந்தன.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கோடை. இத்தாலியின் பலேர்மோவில் மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது. ஆபிரிக்காப் பக்கமிருந்து வீசும் சூட்டுக்காற்றில் பால்கனிச் செடிகள் கருகிக் கிடந்தன. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நகரமே மரக்கதவுகளைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும் அந்த நேரத்தில், ஒருநாளும் வெளியே போகாத அந்தத் தோல் சப்பாத்துகளைக் கையில் தூக்கிப் பார்த்தாள் விமலராணி. அடியில் கரிய சேறு, அதில் ஒட்டிய பச்சைப் புல். மணந்து பார்த்தாள். நனைந்த செம்மறியாட்டு வாடை வந்தது.

விமலராணி வேலை செய்யும் வீட்டுக்கார அம்மாதான் சிஞ்ஞோரா; முன்பு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். படியில் விழுந்ததிலிருந்து கால்கள் அசையாது, சக்கர நாற்காலிதான். ஆனால் இந்தக் கோடை முழுவதும் ஒரு நடைப்பயணத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். இங்கிலாந்தின் புல்மேடுகளில் நாட்கணக்கில் நடப்பது. எந்தக் கிராமத்தில் இராத் தங்குவது, எந்த வேலியில் எந்தப் படலையைத் திறந்து வயலுக்குள் இறங்குவது என்று எல்லாம் யோசித்து, சாப்பாட்டு மேசையில் விரித்த வரைபடத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு கீறுவார். ஒருநாள் அந்தக் கோட்டைத் தடவியபடி விக்கி விக்கி அழுதார்.

விமலராணிக்கு மனம் பொறுக்கவில்லை. மன்னாரில், மடுக் கோயிலுக்கு நடந்து வருவதாக நேர்த்தி வைத்தவர் படுக்கையில் விழுந்தால், சொந்தக்காரர் யாராவது அவருக்காக நடந்து முடிப்பார்கள். இங்கேயும் மச்சாளின் ஒப்பரேசனுக்காகச் சாந்தா ரொசாலியா மலைக்கு வெறுங்காலோடு ஏறியவள்தான் அவள். அந்தப் பழக்கத்தில் சொல்லிவிட்டாள்.

"அழாதேங்கோ சிஞ்ஞோரா. உங்களுக்காக நான் நடக்கிறன்."

அழுகை சட்டென்று நின்றது. சிஞ்ஞோரா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "சத்தியமாகவா, ராணி?"

"ஓம், சத்தியமா."

வாய் சும்மா கிடந்திருக்கலாம். அன்றிலிருந்து, பாத்திரம் கழுவிவிட்டுக் குசினிக் கதிரையில் கொஞ்சம் கண்ணயர்ந்தாலும், கெண்டைக்கால் விண்விண்ணென்று வலிக்கத்தான் விழிப்பாள். குதிக்காலில் கொப்புளம். வரைபடத்தில் சிவப்புக் கோட்டின் மேலே ஓர் ஈரக்கறை ஊர்ந்து ஊர்ந்து முன்னேறிக்கொண்டிருந்தது.

கணவன் ஏர்னஸ்ற்றுக்கு ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் மீன் உணவகத்தில் வேலை. அவனிடம் சொன்னபோது சிரித்தான்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உமக்கு வேலைக் களைப்பு."

"வேலையை விடட்டே?"

"வதிவிடப் பெர்மேசோ புதுப்பிக்கும் மட்டும் பொறும். இப்ப விட்டா விசாவும் போச்சு."

பொறுத்தாள். இன்று கறை கடைசிக் கிராமத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. சப்பாத்தை வைத்துவிட்டுத் திரும்பியபோது, போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த சிஞ்ஞோராவின் கால் பெருவிரல் அசைந்தது.

விமலராணி ஓரடி பின்வாங்கினாள்.

"சிஞ்ஞோரா, நான் சொன்னதை விட்டுடுங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு. மகள் லக்ஷனாவைக் கன்னியர் மடத்துப் பள்ளியிலையிருந்து கூட்டப் போகவேணும்."

"இன்றைக்குக் கடைசி ஊர். அதோடு முடிந்தது." சிஞ்ஞோராவின் குரலில் அன்பு சொட்டியது.

"அப்ப திரும்பி வாற வழி?"

நேர்த்திக்கு நடந்தவர்கள் பஸ்ஸில் திரும்பி வருவார்கள். கட்டிலில் விரித்திருந்த வரைபடத்தில் தேடினாள். கோடு ஒரு பக்கம் மட்டுமே போயிருந்தது.

"திரும்புவதா?" சிஞ்ஞோரா உண்மையாகவே யோசித்தார். "அதை நான் நினைக்கவே இல்லையே, ராணி."

இன்று கண்ணை மூடக்கூடாது. முகத்தைக் கழுவினாள். குழாய்த் தண்ணீர் பனிபோலக் குளிர்ந்தது. வீட்டு நடையில் எங்கோ ஆட்டு மணி கிணுங்கியது. காலடியில் தரை ஓடு ஈரமாக இருந்தது. இல்லை, ஓடு இல்லை. மெத்தென்று நசிந்தது. பிள்ளை மடத்து வாசலில் பையோடு நிற்பாள், நாலே வயது, தாயைக் காணாவிட்டால் ஏங்கிப் போவாள். விமலராணி ஓடினாள். வாசல் கதவு. தாழ்ப்பாள். இழுத்தாள்.

படிக்கட்டு இல்லை.

காற்று. மூடுபனி. புல்.

பின்னால் வெறுங்கால்கள் தரையில் நடந்துவரும் சத்தம். மெல்ல. உறுதியாக. முதுகில் ஒரு கை பட்டது. தள்ளியது. கதவு அடைபட்டது.

திரும்பினாள். கதவே இல்லை.

கண்ணுக்கெட்டிய தூரம்வரை அலையலையாகப் புல்மேடுகள். மேட்டுக்கு மேடு பெண்கள் நடந்துகொண்டிருந்தார்கள். இடுப்பில் ஏப்ரன். பிலிப்பீன்காரிகள், ஆபிரிக்கப் பெண்கள். கிட்டத்தில் நரைத்த தலையோடு ஒரு தமிழ்ப் பெண்.

"அக்கா! எப்பிடித் திரும்பிப் போறது? என்ரை பிள்ளை பாத்துக்கொண்டு நிக்குது!"

அந்தப் பெண் நிற்கவில்லை. மூடுபனி விலகியபோதுதான் தெரிந்தது, அவள் கால்கள் தேய்ந்து, முழங்காலுக்குக் கீழே எதுவும் மிச்சமில்லை. அப்படியும் நடந்துகொண்டேயிருந்தாள்.

விமலராணியின் வலது கால், அவளைக் கேட்காமல், முன்னால் எட்டி வைத்தது.