பத்து நிமிடத்துக்கு ஒரு படம்

அந்தக் கணினியை இரண்டு பேர் தூக்கிவந்து வைத்ததும் மேசை ஒருமுறை முனகியது. மழை பெய்து ஓய்ந்த பிற்பகல். தெருவிலிருந்து எட்டுப் படி இறங்கி வரவேண்டிய கடை அது. மேலே இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகத்தான் கொஞ்சம் வெளிச்சம் விழும். பழைய கணினிகளைப் பழுதுபார்த்து, ஆசைப்படுகிறவர்களுக்கு விற்பது தொழில். கடைக்காரரை எல்லோரும் டப்பாக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கும் அதில் வருத்தமில்லை. கூட்டாளி, அவருடைய தங்கையின் கணவர். அவர் இவரை மச்சான் என்பார், இவர் அவரை மாப்ளே என்பார். சண்டை, சமாதானம், சாப்பாட்டு அழைப்பு எல்லாம் அந்த இரண்டு சொற்களிலேயே முடிந்துவிடும்.

பத்தொன்பது நாளாக இருவருக்கும் சண்டை போடக்கூட மனசில்லை. தங்கை, தலையில் அறுவை சிகிச்சை முடிந்து, கண் திறக்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மாலை நான்கிலிருந்து ஐந்து வரைதான் பார்க்க விடுவார்கள், அதுவும் ஒரே ஒருவரை. மற்ற நேரங்களில் உறவுக்காரர்கள் பார்த்து ஆறுதலடைய ஓர் இணையப் பக்கம் வைத்திருந்தார்கள். சுவரில் ஒரு கேமரா. பக்கத்தைத் திறந்தால் அந்த நொடியின் படம் ஒன்று வரும். கட்டில், முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு தங்கை, பக்கத்தில் காலி நாற்காலி, கோடியில் கதவு. அந்தப் பக்கத்தின் முகவரி டப்பாக்காரருக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும்.

கணினிக்கு முப்பது வயதாவது இருக்கும். மூடியைக் கழற்றியதும் கசிந்துபோன பேட்டரியின் புளிப்பு வாடை வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை. பினாயில்.

"எங்க கிடந்துச்சாம் இது?" என்றார் மாப்பிள்ளை, மூக்கைத் தேய்த்துக்கொண்டு.

"ஏலத்துல எடுத்தாராம்." கண்காட்சி நடத்தும் ஒருவர் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பக்கவாட்டில் பாதி கிழிந்த சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. அதில் 7 என்ற எண் மட்டும் மிச்சம். டப்பாக்காரர் கணினியின் தலையில் தட்டினார். "இந்தக் கிழவன் இன்னைக்கு உள்ள இன்டர்நெட்டைக் காட்டணுமாம். யாரும் தொடாமலே தானா ஓடணுமாம். கரண்ட் போய் வந்தா தானா எழுந்துக்கணுமாம்."

"நமக்கே அது முடியல."

இன்றைய இணையப் பக்கங்கள் எல்லாம் பூட்டுப் போட்டவை. அந்தக் காலத்துக் கணினியிடம் அதற்குச் சாவி கிடையாது. அதனால் நடுவில் உள்ளங்கை அகலத்தில் புதுக் கணினி ஒன்றை வைப்பார்கள். அது போய்ப் பக்கத்தைத் திறந்து, அலங்காரத்தை எல்லாம் உரித்துவிட்டு, படத்தைச் சின்னதாக்கிச் சாம்பல் நிறத்துக்கு மாற்றி, இரண்டு முழ ஒயர் வழியாகக் கிழவனுக்குக் கொடுக்கும். கடையில் அதற்குப் பெயர் தரகர்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. கரண்ட் வந்ததும் தானே எழுந்து, ஒரு பக்கத்தைத் தானே திறந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்கும்படி டப்பாக்காரர் செய்துவைத்தார். எந்தப் பக்கம் என்று கணினி கேட்டது. மாறிக்கொண்டே இருக்கும் ஏதாவது ஒன்று வேண்டும், சோதனைக்குத்தானே. யோசிக்காமல் அவர் கை தங்கையின் வார்டு முகவரியைத் தட்டியது.

படம் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக இறங்கியது. சுவர் வந்தது. டியூப்லைட் வந்தது. ஜன்னலின் மேல் விளிம்பு. பிறகு கதவு, மாஸ்க், போர்வை. பார்த்துப் பழகிய படம்தான். இவ்வளவு நிதானமாக வந்து அவர் பார்த்ததில்லை.

"கதவு பக்கத்துல என்ன கறை?" என்றார் மாப்பிள்ளை.

கதவோரம் ஆள் உயரத்துக்கு ஒரு சாம்பல் திட்டு. டப்பாக்காரர் கைப்பேசியில் அதே பக்கத்தைத் திறந்தார். கதவோரம் சுத்தமாக இருந்தது.

"தரகர் கமிஷனை அங்க ஒட்டிட்டுப் போயிருக்கார்" என்றார். இருவரும் சிரித்தார்கள். இருபது நாளில் முதல் சிரிப்பு அது.

இரண்டு பத்துக்கு அடுத்த படம் இறங்கியது. கதவோரம் கறை இல்லை.

அது கட்டிலின் கால்மாட்டில் நின்றது. தோள் இருந்தது. தலை இருந்தது.

கைப்பேசியில் யாரும் இல்லை. தொழில் பழக்கம், டப்பாக்காரர் முதலில் தரகரைத்தான் சந்தேகப்பட்டார். தரகர் அனுப்பிய படத்தின் பிரதி அதிலேயே இருக்கும். எடுத்துப் பார்த்தார். சின்னதாக, சாம்பலாக, சுத்தமாக இருந்தது. அதிலும் யாரும் இல்லை.

அப்படியானால் மிச்சம் இரண்டு முழ ஒயர்தான். அதற்கு அந்தப்பக்கம் கிழவன்.

இரண்டு இருபது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

மாப்பிள்ளை வார்டுக்குப் போன் போட்டார். "சிஸ்டர், ஏழாம் நம்பர் வார்டு, என் வீட்டுக்காரி… பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லைங்க. பார்வை நேரம் நாலு மணிக்குத்தானே?" நர்ஸ் கொஞ்சம் தயங்கினாள். "ஆக்ஸிஜன் அளவு இறங்கியிருக்கு. ரெண்டு மணி வரைக்கும் தொண்ணூத்தாறு இருந்துச்சு, இப்ப தொண்ணூறு. டாக்டரைக் கூப்பிட்டிருக்கோம். பயப்படாதீங்க."

டப்பாக்காரர் கணினியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். 7.

"நிறுத்திடுங்க மச்சான்."

"நிறுத்தினா அது அங்கயே இருந்துடுமா, போயிடுமா? எனக்குத் தெரியலையே, மாப்ளே."

இப்படிப் பேசிக்கொண்டே பத்து நிமிடத்தைத் தொலைத்தார்கள். இரண்டு முப்பது. சுவர், டியூப்லைட், ஜன்னல். பிறகு குனிந்த ஒரு முதுகு. பிறகு, தங்கையின் மாஸ்க் இருக்கவேண்டிய இடத்தில், ஒரு கை.

போனில் நர்ஸின் குரல் தூரத்தில் யாரையோ அழைத்தது. "எண்பத்திரண்டு" என்றது.

டப்பாக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடியது ஒரு விரல் மட்டும். பத்து நிமிடக் கட்டளையை நிறுத்தியது. பிறகு, எல்லாக் காலத்துக் கணினியிலும் மேலே இடது மூலையில் இருக்கும் அந்த அம்புக்குறியை அழுத்தியது. முந்தைய பக்கத்துக்குத் திரும்பிப் போகும் அம்பு.

நினைவில் வைத்திருந்த பழைய படத்தைக் கணினி எடுத்துக் காட்டியது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

"எண்பத்தொன்பது" என்றாள் நர்ஸ்.

மறுபடி அழுத்தினார். கால்மாட்டில் நின்றது.

"தொண்ணூத்து மூணு. ஏறுதுங்க, தானா ஏறுது."

மறுபடி. கதவோரத்துக் கறை.

"தொண்ணூத்தாறு."

இன்னொரு முறை அழுத்தினார். அம்பு வெளுத்துப்போயிருந்தது. அதற்கு முன்னால் பக்கம் எதுவும் இல்லை. கதவுக்கு வெளியே அதைத் தள்ளுவதற்கு அவரிடம் படம் இல்லை.

மாப்பிள்ளை படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அதற்குப் பிறகு அந்தக் கணினியை யாரும் தொடவில்லை. ஒரு விசை தவறிப் பட்டால் என்ன ஆகும் என்று தெரியாது. விசைப்பலகைமேல் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வைத்தார்கள். கண்காட்சிக்காரருக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எரிந்துபோய்விட்டது என்று கூசாமல் பொய் சொன்னார்கள். கரண்ட் போனால் தாங்குவதற்கு பேட்டரிப் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினார்கள். ஒருவர் தூங்கினால் மற்றவர் விழித்திருந்தார். திரையில் இரவும் பகலும் அதே மதியம் இரண்டு மணி. கதவோரத்தில் அதே கறை.

இரண்டாம் நாள் தங்கை கண் திறந்தாள். பேச்சு இல்லை, அசைவு இல்லை. கண் மட்டும் நகர்ந்தது. டாக்டர் நல்ல அறிகுறி என்றார். நர்ஸ் டப்பாக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "கதவையே பார்த்துக்கிட்டு இருக்காங்க. உங்களைத்தான் எதிர்பார்க்கிறாங்க போல" என்றாள். அவர் தலையாட்டினார்.

மூன்றாம் நாள் மாலை நான்கு மணிக்கு அவர் வார்டில் இருந்தார். கட்டிலின் இரும்புச் சட்டத்தில், கிழிந்து, வார்டு என்ற சொல் மட்டும் மிச்சமிருந்த பழைய சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. கடையில் இருப்பதன் மறுபாதி மாதிரி இருந்தது. அவர் அதை இரண்டாம் முறை பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, அழுத்தமாக உட்கார்ந்தார். மூன்று நாளாக யோசித்து வைத்திருந்தது அது. இந்த இடத்தில் நான் இருந்தால் அது எங்கே உட்காரும்? தங்கையின் கையை வலது கையில் பிடித்துக்கொண்டார்.

நாலு இருபதுக்குப் போன் வந்தது.

"மச்சான். கரண்ட் போயிடுச்சு. தெரு முழுக்க."

"பேட்டரி?"

"கத்திக்கிட்டே இருக்கு. பத்து நிமிஷம் தாங்கும்னு எழுதியிருக்கு."

டப்பாக்காரர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அந்தப்பக்கம் பேட்டரிப் பெட்டி விட்டுவிட்டுக் கத்துவது கேட்டது. பிறகு இடைவெளி இல்லாமல் கத்தியது. பிறகு நின்றுபோனது.

"அணைஞ்சிருச்சு" என்றார் மாப்பிள்ளை, மிக மெல்ல.

டப்பாக்காரர் கட்டிலுக்கு மேலே ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் திரையைப் பார்த்தார். தொண்ணூத்தாறு. ஒரு நிமிடம். மூன்று நிமிடம். தொண்ணூத்தாறு. கதவோரம் வெறும் சுவர். அவருக்கு உடம்பே லேசானது.

"ஒண்ணும் ஆகல, மாப்ளே. நாமதான் கிறுக்கு மாதிரி…"

"கரண்ட் வந்திருச்சு" என்றார் மாப்பிள்ளை.

அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. கரண்ட் வந்ததும் தானே எழுந்துகொள்ளும். தானே பக்கத்தைத் திறக்கும். அவர் கையால் செய்துவைத்தது.

"பிடுங்கு. எல்லா ஒயரையும் பிடுங்கு."

எதுவோ விழும் சத்தம். மூச்சிரைப்பு.

"பிடுங்கிட்டேன்."

"அப்பாடா."

"மச்சான், தரகர் ஒயர், கரண்ட் ஒயர் ரெண்டும் என் கையில இருக்கு. படம் இறங்கிக்கிட்டு இருக்கு."

தங்கையின் கண்கள் கதவிலிருந்து நகர்ந்தன.

"சுவர் வந்திருச்சு. லைட்டு. ஜன்னல்."

அவள் கண்கள் கால்மாட்டில் ஒரு கணம் நின்றன. பிறகு அங்கிருந்தும் நகர்ந்தன.

"கதவுல யாரும் இல்ல. மச்சான், நீங்க எங்க இருக்கீங்க?"

"நாற்காலியில. அவ பக்கத்துல."

அந்தப்பக்கம் மாப்பிள்ளை திரையை நெருங்கிப் போகும் செருப்புச் சத்தம் கேட்டது.

"நாற்காலியில இருக்கிறது நீங்க இல்ல, மச்சான்."

தங்கையின் கண்கள் அவர் முகத்தில் வந்து நின்றன. இவ்வளவு பயந்து அவள் யாரையும் பார்த்ததில்லை. "நான்தாம்மா, அண்ணன்" என்று சொல்ல வாயெடுத்தார். குரல் வரவில்லை.

தொண்ணூத்து மூணு.

அவள் கையைப் பிடித்திருந்த தன் வலது கையைத் தேடினார். அது அங்கே இல்லை. மாஸ்க்கின்மேல் இருந்தது. எப்போது போனது என்று தெரியவில்லை. எடுக்கப் பார்த்தார். வரவில்லை. மொத்த பலத்தையும் போட்டு இழுத்தார். யாரோ வேறொருவருடைய கையை இழுப்பதுபோல இருந்தது. பினாயில் வாடை அடித்தது.

எண்பத்தொன்பது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். தங்கையின் முகத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் அண்ணனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடி குனிந்து எழுதத் தொடங்கினாள்.